911-இன் சத்தமும் கயெனின் புகையும்

குரோஷியாவில் மாட்டே ரிமாக் என்று ஓர் இளைஞர். அவரிடம் இருந்தது 1984-இல் தயாரான ஒரு பழைய பிஎம்டபிள்யூ. பந்தயங்களில் ஓட்டி ஓட்டி ஒருநாள் அதன் எஞ்சின் வெடித்துப்போனது. இன்னொரு எஞ்சின் தேடுவதற்குப் பதிலாக, அந்த இடத்தில் ஒரு மின்மோட்டாரைப் பொருத்தினார். அந்த வண்டி பிறகு மின்கார்களுக்கான வேகச் சாதனைகளை முறியடித்தது. 2009-இல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். 2021-இல் நெவேரா என்ற முழு மின்காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 4 மோட்டார்கள், 1,914 குதிரைத்திறன், விலை சுமார் 20 லட்சம் யூரோ. அதே ஆண்டில் ஜெர்மனியின் போர்ஷே கார் கம்பெனியும் அவரும் சேர்ந்து புகாட்டி ரிமாக் என்ற கூட்டு நிறுவனத்தை உருவாக்கினார்கள். சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்களில் நூறு வருடம் தாண்டிய புகாட்டி என்ற பெயர், மின்கார் செய்பவர் கைக்கு வந்தது.

சரி, அடுத்த புகாட்டி முழு மின்காராகத்தான் இருக்கும் என்று நினைத்தவர்கள் பலர். 2024 ஜூனில் வந்த தூர்பியோன் என்ற புதிய புகாட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது 8.3 லிட்டர், 16 சிலிண்டர், டர்போ இல்லாத புத்தம்புதிய பெட்ரோல் எஞ்சின். கூடவே 3 மின்மோட்டார்களும் ஒரு பேட்டரியும் உண்டு. ஆனால் காரின் மையம் அந்த எஞ்சின்தான். முன்னால் இருக்கும் மீட்டர்களைச் செய்தவர்கள் சுவிஸ் கடிகாரக் கைவினைஞர்கள். தூர்பியோன் என்பதே உயர்ரகக் கைக்கடிகாரத்துக்குள் சுழலும் ஒரு பாகத்தின் பெயர்.

ரிமாக் இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லவில்லை. 150 நெவேரா மட்டுமே செய்வதாக அறிவித்திருந்தும் அவை விற்றுத் தீரவில்லை என்று 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஸ்மார்ட் வாட்ச் எத்தனையோ வேலை செய்யும், ஆனாலும் லட்சக்கணக்கில் பணம் கொடுப்பவர் பல்சக்கரம் சுழலும் பழைய கடிகாரத்தைத்தான் வாங்குகிறார் என்பது அவர் கொடுத்த ஒப்பீடு.

சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் உலகம் மொத்தமும் கடந்த இரண்டு, மூன்று வருடங்களில் இப்படித்தான் திரும்பியிருக்கிறது. 2022-இல் "2030-க்குள் எங்கள் விற்பனையில் 80 சதவீதத்துக்கு மேல் மின்கார்" என்று போர்ஷே அறிவித்தது. 2024 கோடையில் அந்த இலக்கைத் தளர்த்திவிட்டது. 2030-இல் தன் மாடல்களில் 40 சதவீதம் முழு மின்காராக இருக்கும் என்று ஃபெராரி 2022-இல் சொன்னது. 2025 அக்டோபரில் அதை 20 சதவீதமாகக் குறைத்தது. 2028-இல் வரவேண்டிய லம்போர்கினியின் முதல் மின்கார் ஒரு வருடம் தள்ளிப்போனது. 2028-க்குள் முழுவதும் மின்னுக்கு மாறுவோம் என்ற லோட்டஸ் இப்போது எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் பக்கம் போகிறது. ஆஸ்டன் மார்ட்டினின் முதல் மின்கார் திரும்பத் திரும்பத் தள்ளிப்போகிறது.

ஏன் என்று கேட்டால் "பணக்காரர்களுக்கு எஞ்சின் சத்தம் வேண்டும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். சத்தம் ஒரு காரணம்தான். அதற்கு அடியில் வேறு சில காரணங்கள் இருக்கின்றன. என் கருத்தையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். புவி சூடாவதைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிறவர்கள், இந்த விவாதத்தில் தவறான காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வேகம் மலிவானது

பெட்ரோல் எஞ்சினிலிருந்து ஒவ்வொரு குதிரைத்திறனையும் கறந்தெடுப்பது பெரும் உழைப்பு. வால்வு, பிஸ்டன், எரிபொருள் தெளிப்பு, குளிர்விப்பு, கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றிலும் பல தலைமுறைக் கைப்பழக்கம் இருக்கிறது. ஃபெராரியின் ஊரான இத்தாலியின் மரனெல்லோவிலும் போர்ஷேயின் ஊரான ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலும் மட்டுமே கூடிவந்த அந்த வித்தைக்குத்தான் அந்த விலை. மின்மோட்டார் அந்த வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டது. நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையும் கிடைக்கிறது. நல்ல மோட்டார், நல்ல பேட்டரி, கெட்டிக்கார மென்பொருள் இருந்தால் யார் வேண்டுமானாலும் வேகமான கார் செய்யலாம்.

யார் வேண்டுமானாலும் என்பதற்குச் சீனாவில் ஆதாரம் இருக்கிறது. செல்போன் விற்கும் ஷாவ்மி 2025 பிப்ரவரியில் எஸ்யூ7 அல்ட்ரா என்ற காரை விற்பனைக்கு விட்டது. 1,548 குதிரைத்திறன், விலை 5,29,900 யுவான். நம் பணத்தில் அப்போது 60 லட்சத்துக்குச் சற்று மேல். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று ஒரு பழைய பந்தயத் தடம் உண்டு. காட்டுக்குள் வளைந்து நெளிந்து 20 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்களுக்கு அதுதான் உரைகல். 2025 ஜூனில், பந்தயத் தடத்துக்கான கூடுதல் பாகங்கள் பொருத்திய ஷாவ்மி அதை 7 நிமிடம் 4.957 வினாடியில் சுற்றிவந்தது. ரிமாக்கின் நெவேராவுக்கு 7 நிமிடம் 5.298 வினாடி ஆகியிருந்தது. போர்ஷேயின் மின்காரான டைகான் டர்போ ஜிடி-க்கு 7 நிமிடம் 7.55 வினாடி. அதே கோடையில் சீனாவின் பிஒய்டி குழுமத்தின் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் 7 நிமிடத்துக்குள்ளேயே முடித்துவிட்டது.

20 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியதை, 60 லட்ச ரூபாய் வண்டி அரை வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்துகிறது. வாங்கியவர் மனநிலையை யோசித்துப் பாருங்கள். சீனாவில் போர்ஷே 2021-இல் 95,671 கார்கள் விற்றது. 2024-இல் அது 56,887 ஆக இறங்கியது. அங்கே ஆடம்பரச் சந்தை மொத்தமாகச் சோர்ந்ததும் காரணம்தான். ஆனால் அங்குள்ள இளம் வாங்குபவர்களுக்கு ஸ்டுட்கார்ட்டின் பெயர் முன்புபோலக் கனமாக இல்லை என்பதும் சேர்ந்தே நடந்தது.

டைகான் கற்றுத் தந்தது

இந்தத் துறையில் மின்மயமாக்கலை உண்மையான முனைப்போடு செய்தது போர்ஷேதான் என்பேன். 2019 செப்டம்பரில் வந்த டைகான் அரைமனதாகச் செய்த வண்டி இல்லை. அதற்காக ஸ்டுட்கார்ட்டில் உள்ள தலைமைத் தொழிற்சாலைக்குள் பழைய கட்டடங்களுக்கு நடுவே புதிய உற்பத்திக் கூடமே எழுப்பினார்கள். பின் அச்சில் இரண்டு கியர் வைத்தார்கள். முக்கியமாக, மற்றவர்கள் 400 வோல்ட்டில் இருந்தபோது 800 வோல்ட்டுக்குப் போனார்கள்.

இந்த 800 வோல்ட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மின்திறன் என்பது அழுத்தமும் மின்னோட்டமும் பெருக்கி வருவது. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். கம்பியில் வீணாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். அதனால் மின்னோட்டம் பாதியானால் சூடு கால்வாசி ஆகிவிடும். வயல்வெளியைக் கடந்து போகும் ஹைடென்ஷன் லைன்கள் அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் ஓடுவதும் இதனால்தான். காரில் இதன் பலன் மூன்று. கம்பிகள் மெலியும், சார்ஜ் ஏறும் நேரம் சுருங்கும். மோட்டாரை மறுபடி மறுபடி முழுவேகத்தில் விரட்டினாலும் சூடேறிச் சோர்ந்துபோகாது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த மூன்றாவதுதான் உயிர். ஒரு முறை பாய்ந்து காட்டுவது எளிது, இருபதாவது முறையும் அதே பாய்ச்சல் வரவேண்டும்.

இந்த ஏற்பாடு இரண்டே வருடத்தில் சாதாரணக் குடும்பக் காருக்கு வந்தது. 2021-இல் அறிமுகமான ஹூண்டாய் அயோனிக் 5-இலும் 800 வோல்ட். 2023 முதல் அது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஹூண்டாய் ஆலையில் பாகங்களாக வந்து பூட்டப்படுகிறது. விலை அப்போது 45 லட்சத்தை ஒட்டி இருந்தது. ஹூண்டாயும் கியாவும் 2019-இல் ரிமாக்கின் கம்பெனியில் 8 கோடி யூரோ முதலீடு செய்தவர்கள் என்பது இன்னொரு முடிச்சு. சொகுசு கார்களால் உலகுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான். புதிய பொருளின் முதல் விலையை அவர்கள் கொடுக்கிறார்கள்.

மோட்டாரிலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. வழக்கமான மின்மோட்டார் டிரம் போல நீண்டிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து 2009-இல் பிறந்த யாசா என்ற நிறுவனம் அதைத் தடித்த தோசைக்கல் போலத் தட்டையாக்கியது. காந்தங்கள் பூட்டிய வட்டும் செப்புச் சுருள்களும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். விட்டம் பெரிது என்பதால் நெம்புகோல் நீண்டது போல முறுக்குவிசை கூடும், எடையும் இடமும் குறையும். ஃபெராரி எஸ்எஃப்90, 296 ஆகியவற்றில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் செருகியிருப்பது இந்த வகைத் தட்டைமோட்டார்தான். 2021-இல் யாசாவை மெர்சிடிஸ் வாங்கிவிட்டது.

டைகானுக்கு வருவோம். 2021-இல் 41,296 டைகான்கள் விற்றன, அந்த வருடம் 911 விற்றது 38,464. போர்ஷேயின் அடையாளமான காரையே மின்கார் முந்திவிட்டது என்று அப்போது எழுதாத வாகனப் பத்திரிகை இல்லை. 2024-இல் டைகான் 20,836-க்கு விழுந்தது, முந்தைய வருடத்தில் பாதி. 911 50,941-க்கு ஏறியது. 2025 செப்டம்பரில் போர்ஷே தன் திட்டங்களை மாற்றி எழுதியது. தன் கயென் எஸ்யூவிக்கு மேலே வரவிருந்த பெரிய மின் எஸ்யூவி முதலில் பெட்ரோலிலும், பிளக்கில் மாட்டிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட்டிலும்தான் வரும் என்றது. இந்த மாற்றத்தால் அந்த வருட லாபத்தில் 180 கோடி யூரோ வரை அடிபடும் என்றும் அறிவித்தது. சொந்தமாக பேட்டரி செல் தயாரிக்கும் கனவையும் கைவிட்டது.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. டைகான் நல்ல கார். சந்தை சரிந்ததற்கு அந்தக் கார் மட்டும் பொறுப்பில்லை. மின்கார் வாங்கியவர்களுக்கு மூன்று வருடத்தில் மறுவிற்பனை விலை பயங்கரமாகச் சரிந்தது. ஒவ்வொரு வருடமும் பேட்டரி மேம்படும் என்றால் போன வருடத்து வண்டி பழைய போன் மாதிரி ஆகிவிடுகிறது. 911 வாங்குபவர் அதைப் பழைய நகை மாதிரிப் பார்க்கிறார். இரண்டு மனநிலையும் ஒரே ஷோரூமில் நின்றால் எது ஜெயிக்கும் என்பதை 2024-இன் கணக்கு காட்டுகிறது.

எட்டு பேரின் எடை

ஃபெராரி தன் முதல் மின்காரின் உள்பாகங்களை 2025 அக்டோபரில் மரனெல்லோவில் காட்டியது. 4 மோட்டார்கள், 4 கதவுகள், 1,000-க்கு மேற்பட்ட குதிரைத்திறன், ஒரு சார்ஜில் 530 கிலோமீட்டருக்கு மேல். பேட்டரியின் கொள்ளளவு 122 கிலோவாட்-மணி. நம் ஈ.பி. கார்டு கணக்கில் 122 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 2025-இல் இலவசமாகத் தந்த 100 யூனிட்டைவிட அதிகம், ஒரே முழுச் சார்ஜில்.

ஒரு கிலோ எடைக்கு 195 வாட்-மணி சேமிக்கும் பேட்டரி என்று ஃபெராரி சொல்கிறது. வகுத்துப் பார்த்தால் 122 யூனிட்டுக்கு சுமார் 625 கிலோ. இப்போது பெட்ரோல் கணக்கு. 60 லிட்டர் பெட்ரோல் சுமார் 45 கிலோ. அதில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 540 யூனிட். எஞ்சின் முக்கால்வாசியைச் சூடாக வீணாக்கினாலும் 135 யூனிட் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அதாவது 45 கிலோ செய்யும் வேலைக்கு 625 கிலோ. பெட்ரோல் எரிய எரியக் குறையும், பேட்டரி காலியானாலும் அதே எடை. எட்டு பேர் ஏறி உட்கார்ந்து இறங்கவே மாட்டேன் என்பது போல.

அந்த எடையை மறைக்க ஃபெராரி எடுத்திருக்கும் முயற்சிகள் அபாரம். பேட்டரியைத் தரைக்கு நெருக்கமாகப் பரப்பி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி மோட்டாரால் கட்டுப்படுத்துகிறார்கள். ஆனாலும் முழு வண்டி சுமார் 2,300 கிலோ. சாதாரண 911 அதில் மூன்றில் இரண்டு பங்குதான். வளைவில் திரும்பும்போது கைக்குத் தெரியும் அந்த லேசான தன்மைதான் ஸ்போர்ட்ஸ் காரின் ருசி. லோட்டஸை உருவாக்கிய காலின் சாப்மன் வாழ்நாள் முழுக்கத் துரத்தியது அதைத்தான்.

சத்தத்துக்கு ஃபெராரி கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்பீக்கரில் போலி எஞ்சின் சத்தம் போடவில்லை. பின் அச்சில் ஓர் அதிர்வு உணரியைப் பொருத்தி, சுழலும் பாகங்களின் உண்மையான அதிர்வைப் பிடித்து, அதைப் பெருக்கித் தருகிறார்கள். எலெக்ட்ரிக் கிதார் கம்பியின் அதிர்வைப் பெருக்குவது போல என்று அவர்களே விளக்குகிறார்கள். மோட்டாருக்கு என்ன குரல் இருக்கிறதோ அதையே பாடவிடுகிறார்கள்.

நடுவழியாக எல்லோரும் பிடித்துக்கொண்டது ஹைப்ரிட். ஃபெராரி 2024-இல் அனுப்பிய 13,752 கார்களில் 51 சதவீதம் ஹைப்ரிட். லம்போர்கினியின் ரெவுவெல்டோவில் 12 சிலிண்டர் எஞ்சினோடு 3 மோட்டார்கள், ஆனால் பேட்டரி வெறும் 3.8 யூனிட். 911 ஜிடிஎஸ்-இல் அதைவிடச் சிறிது, 1.9 யூனிட். முந்தைய மாடலைவிடக் கூடிய எடை 50 கிலோதான், நூர்பர்க்ரிங்கில் 8.7 வினாடி வேகம் கூடியிருக்கிறது. பொறியியலாக இது அழகு. சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு நல்லது என்பது வேறு கேள்வி. பொதுவாக பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் சாலையில் வெளியிடும் கார்பன், சான்றிதழில் உள்ளதைவிடச் சராசரியாக 3.5 மடங்கு என்று ஐரோப்பிய ஆணையமே 2024-இல் கண்டறிந்தது. காரணம் எளிது. பலர் பிளக்கில் மாட்டுவதே இல்லை.

கிலோமீட்டரில்தான் கணக்கு

இனி, நான் முதலில் சொன்ன விஷயம். பேட்டரி செய்யும்போதே கார்பன் வெளியாகிறது. சுரங்கம், சுத்திகரிப்பு, செல் ஆலைக்கான மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது ஆய்வுகளில் அதிகம் அடிபடும் அளவு. 122 யூனிட் பேட்டரிக்கு 7 முதல் 12 டன். வண்டி ஒரு மீட்டர் ஓடுவதற்கு முன்பே தலையில் ஏறிய கடன் இது. ஓட ஓடத்தான் அடையும், ஏனென்றால் பெட்ரோல் எரிக்காமல் மிச்சப்படுத்துவது ஓட்டத்தில்தான்.

100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் ஒரு சூப்பர் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 28 கிலோ. இப்படிப்பட்ட கார்கள் பெரும்பாலும் உறையைப் போர்த்திக்கொண்டு நிற்பவை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சுற்று, வருடத்துக்கு இரண்டு நீண்ட பயணம், மொத்தம் 3,000 கிலோமீட்டர் என்று வைப்போம். வருடத்துக்கு முக்கால் டன்னுக்குச் சற்று மேல். அதையே மின்காராக மாற்றினால் பேட்டரிக் கடனை அடைக்க 9 முதல் 15 வருடம் ஆகும். சார்ஜ் செய்யும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் இன்னும் இழுக்கும்.

இப்போது அதே அளவு பெட்ரோல் குடிக்கும் எஸ்யூவியை எடுங்கள். பள்ளி, அலுவலகம், விமான நிலையம் என்று வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர். வருடத்துக்கு ஐந்தரை டன். இங்கே பேட்டரிக் கடன் இரண்டு வருடத்தைச் சுற்றியே அடைந்துவிடும். அதன்பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் மிச்சம். இது என் தோராயக் கணக்குதான், எண்ணைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். திசை மாறாது.

அப்படியானால் போர்ஷேயில் எது முக்கியம்? 2024-இல் அது மொத்தம் விற்ற கார்கள் 3,10,718. அதில் கயென் 1,02,889, மக்கான் 82,795. இரண்டு எஸ்யூவியும் சேர்ந்தால் பத்தில் ஆறு. லம்போர்கினியின் விற்பனையில் பாதிக்கு மேல் உருஸ் என்ற எஸ்யூவி. ஃபெராரி மட்டும்தான் புரோசங்குவே என்ற தன் உயரமான காரை மொத்த உற்பத்தியில் 20 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. போஸ்டரில் நிற்பது 911, தினமும் சாலையில் புகை விடுவது கயென். 911-இன் எஞ்சின் சத்தம் வாழுமா சாகுமா என்று எழுதிக் குவித்த பக்கங்களில் பத்தில் ஒன்றுகூட மக்கானுக்குக் கிடைத்ததில்லை.

அந்த மக்கானுக்கு நடந்ததைக் கவனியுங்கள். 2024-இல் முழு மின் மக்கான் வந்தது. பழைய பெட்ரோல் மக்கான் புதிய சைபர் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராததால் அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையிலிருந்து விலகியது. தினசரி ஓடும் காரை மின்னுக்கு மாற்றுவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் இருக்க முடியாது. ஆனால் இப்போது போர்ஷே அதே இடத்துக்கு 2028 வாக்கில் புதிய பெட்ரோல் எஸ்யூவி ஒன்றைத் தயார் செய்கிறது. முழு மின் கயென் 2025 நவம்பரில் வெளியானது, பெட்ரோல் கயெனும் கூடவே தொடரும் என்கிறார்கள். 911-க்கு எஞ்சின் இருப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. இந்த முடிவுதான் உறுத்துகிறது.

காற்றிலிருந்து பெட்ரோல்

911-ஐக் காப்பாற்ற போர்ஷே கண்ட வழி சிலியின் தென்கோடியில் இருக்கிறது. புன்டா அரினாஸ் அருகே ஹாரு ஓனி என்ற சோதனை ஆலை 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. 3.4 மெகாவாட் காற்றாலை ஒன்றே ஒன்று. வருடத்தில் 270 நாள் போல அங்கே பலமாகக் காற்றடிக்கும் என்கிறார்கள். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அதோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து மெத்தனால், மெத்தனாலிலிருந்து பெட்ரோல். எரியும்போது வெளிவருவது உள்ளே போட்ட கார்பன்தான் என்பதால் கணக்கு சமன். திறப்பு நாளில் முதல் துளிகளை ஒரு 911-இல் ஊற்றி ஓட்டினார்கள்.

யோசனை நல்லது, அளவுதான் சின்னது. சோதனைக் கட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 1,30,000 லிட்டர். ஒரு 911 வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடி 500 லிட்டர் குடித்தால் 260 கார்களுக்குப் போதும். இந்தப் பத்தாண்டின் நடுவில் 5.5 கோடி லிட்டர் என்று திறப்பின்போது சொன்ன அளவு இன்னும் எட்டப்படவில்லை. இன்னொரு தடையும் உண்டு. 100 யூனிட் காற்று மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றினால் 70 யூனிட்டுக்கு மேல் சக்கரத்துக்குப் போகும். பெட்ரோலாக மாற்றி எஞ்சினில் எரித்தால் 15 யூனிட்டை ஒட்டித்தான் மிஞ்சும். தினசரி ஓடும் கோடிக்கணக்கான கார்களுக்கு இது கட்டுப்படியாகவே ஆகாது. வாரம் ஒருமுறை ஓடும் பழைய 911-க்கு ஆகும். இதுவரை செய்த போர்ஷேக்களில் 70 சதவீதத்துக்கு மேல் இன்னும் ஓடும் நிலையில் இருப்பதாக அந்தக் கம்பெனி பெருமையாகச் சொல்லும். அவற்றுக்கு வேறு வழியும் இல்லை.

அரசியலோ இந்தச் சின்னக் கதவைப் பெரிய வாசலாக்கப் பார்க்கிறது. 2035-க்குப் பிறகு புதிய கார்கள் கார்பன் வெளியிடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் செய்தது. கடைசி நேரத்தில் ஜெர்மனி முட்டுக்கட்டை போட்டு, இப்படிச் செயற்கை எரிபொருளில் மட்டும் ஓடும் கார்களுக்கு வழி விடும் உறுதியை வாங்கியது. ஒன்றியத்துக்குள் வருடத்துக்கு 1,000-க்கும் குறைவாக விற்பவர்களுக்கு விலக்கு. 10,000 வரை விற்பவர்களுக்கு 2035 வரை தளர்வு, இதற்கு ஊடகங்கள் வைத்த பெயரே ஃபெராரி திருத்தம். 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் 100 சதவீதக் குறைப்பை 90 சதவீதமாக்க முன்மொழிந்தது. சில ஆயிரம் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு விலக்கு கொடுத்தால் வானம் இடிந்து விழாது. ஆனால் அவர்களின் பெயரைச் சொல்லி லட்சக்கணக்கான எஸ்யூவிகள் உள்ளே நுழையும்.

பேட்டரிக்கு எத்தனை வயது

நெடுங்காலம் உழைப்பது ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இயல்பாகவே இருந்த பசுமைக் குணம். 50 வருடத்துக் காரை மெக்கானிக் திரும்பப் பிரித்துப் பூட்டிவிடுவார். பேட்டரி அப்படி இல்லை, ஓட்டாமல் வைத்தாலும் வயதாகும். அதனால் ஹைப்ரிட் வாங்குபவர்களுக்கு ஃபெராரி ஒரு திட்டம் கொண்டுவந்தது: சந்தா கட்டினால் 8-ஆம் வருடமும் 16-ஆம் வருடமும் புதிய பேட்டரி. மின்காரின் பேட்டரியையும் கழற்றிப் பழுது பார்க்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். காரின் சட்டகத்தில் 75 சதவீதம் மறுசுழற்சி அலுமினியம். அதனால் ஒரு காருக்கு 6.7 டன் கார்பன் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. குறைவாக ஓடும் காருக்கு இது பெரிய தொகை. மேலே போட்ட கணக்கின்படி எட்டு வருடம் பெட்ரோல் ஊற்றாமல் இருந்ததற்குச் சமம். என்ன எஞ்சின் என்ற கேள்வியைவிட, என்ன உலோகம், யாருடைய மின்சாரத்தில் உருக்கியது என்ற கேள்வி இங்கே கனமானது.

2024 ஜூனில் மரனெல்லோவில் ஃபெராரி திறந்த புதிய கட்டடத்தின் கூரையில் 3,000 சோலார் பலகைகள். உள்ளே பெட்ரோல், ஹைப்ரிட், மின்கார் மூன்றும் அக்கம்பக்கமாகத் தயாராகும் ஏற்பாடு. எது எவ்வளவு விற்கும் என்று அவர்களுக்கே தெரியாததால் எதற்கும் தயாராகக் கட்டியிருக்கிறார்கள். வருடத்துக்கு 14,000-க்கும் குறைவாகச் செய்பவர்களுக்கு அந்தச் சௌகரியம் உண்டு. மூன்று லட்சம் செய்யும் ஸ்டுட்கார்ட்டின் நிலைமை வேறு. ஃபெராரியின் மின்கார் எப்படிப் பாடும் என்று கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் 2028-இல் போர்ஷேயின் அந்தப் பெட்ரோல் எஸ்யூவி வரும்போது, பக்கத்தில் நிற்கும் மின் மக்கானை விட்டுவிட்டு எத்தனை பேர் அதன் சாவியை வாங்குகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.